கைப்பிடி அரிசியும் காணிக்கைப் பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊரே கறிக்குழம்பு வாசனையோடு வீட்டுக்குப் போகும் நேரத்தில் நானும் இரண்டு கமிட்டி அண்ணாச்சிமாரும் கோவில் வேலைகளைக் கவனிக்கிற கோவில்குட்டியாரும் வெஸ்டரியில், அதாவது ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, காணிக்கைப் பையை மேசையில் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருப்போம். அந்த ஆறு வருஷத்தில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. நான் போதகர் இல்லை, இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. காசு எண்ணினவன், அவ்வளவுதான்.

கையில் மிஞ்சுவதில் கொஞ்சம் கொடுத்தால் போதாதா? "விலை கொடுத்து" என்று ஏன் அழுத்திச் சொல்கிறார்கள்?

இந்தப் பேச்சு வேதாகமத்தில் 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. தாவீது ராஜா ஜனத்தொகை எடுக்கிறார், அது பாவமாகிறது, கொள்ளைநோயில் 70,000 பேர் சாகிறார்கள். எபூசியனான அர்வனாவின் போரடிக்கிற களத்தில் பலிபீடம் கட்டச் சொல்லித் தீர்க்கதரிசி காத் சொல்ல, தாவீது அங்கே போகிறார். ராஜாவே வாசலில் வந்து நின்றால் யார்தான் காசு கேட்பார்கள்? அர்வனா களத்தைக் கொடுக்கிறேன் என்கிறார், பலிக்கு மாடு இருக்கிறது, விறகுக்குப் போரடிக்கிற உருளையும் நுகத்தடியும் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தாவீது மறுத்து, விலைக்கிரயமாய்த்தான் வாங்குவேன் என்று 50 சேக்கல் வெள்ளி கொடுக்கிறார்.

பிரசங்கங்களில் இதை "கஷ்டப்பட்டுக் கொடு" என்பதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. தப்பு செய்தது தாவீது. அதற்கான பலிக்கு அர்வனாவின் மாடு எதற்குச் சாக வேண்டும்? விலை எவ்வளவு என்பதற்கு முன்னால், அந்த விலை யாருடைய பையிலிருந்து போகிறது என்ற கேள்வி அங்கே நிற்கிறது. கீழே நான் சொல்லப்போகிற பாதி பதில்கள் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முட்டும்.

ஏழை விதவை போட்ட இரண்டு காசு இன்றைக்கு எவ்வளவு இருக்கும்?

மாற்கு 12-இல் "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு" என்று இருக்கிறது. துட்டு என்று நம் வேதாகமம் சொல்வது ரோமரின் குவாட்ரன்ஸ் என்ற செப்புக்காசு. 64 குவாட்ரன்ஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியம், அது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக, இன்றைக்கு ஒருவர் 640 ரூபாய் கூலி வாங்கினால் அவள் போட்டது 10 ரூபாய். டீக்கடையில் ஒரு டீக்கே காணாது.

இயேசு அன்றைக்கு எங்கே இருந்தார் என்று பாருங்கள்: காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூதர்களின் மிஷ்னா, தேவாலயத்தில் எக்காளம் போன்ற வடிவத்தில் 13 பெட்டிகள் இருந்ததாகச் சொல்கிறது. நிறையப் போட்டால் நிறையச் சத்தம் வந்திருக்கும். இவள் போட்டது யார் காதிலாவது விழுந்திருக்குமா தெரியவில்லை. மற்றவர்கள் பரிபூரணத்திலிருந்து போட்டார்கள், இவள் தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டாள் என்று சீஷர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கொடுத்த தொகையை அல்ல, கொடுத்தபின் அவள் கையில் மீந்ததை எண்ணிப் பார்த்திருக்கிறார்.

ஒரு காசை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் போட்டிருக்கலாமே என்பது நீங்கள் பலமுறை கேட்ட பிரசங்கமாக இருக்கும், அதை விடுங்கள். எங்கள் பையில் ஒருமுறை ஒரு கம்மல் வந்தது. தினக்காலண்டர் தாளைக் கிழித்து, அதில் மடித்து, மேலே கறுப்பு நூல் சுற்றி. ஒரே ஒரு கம்மல், திருகாணி தேய்ந்து லேசாக வளைந்திருந்தது. யாரோ தெரியாமல் விழவிட்டார்கள் போல என்று அறிவிப்புச் செய்தோம், யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு அதே மாதிரித் தாளில் மடித்து மற்றது வந்தது.

அப்படியானால் ஏழைகளும் கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. அந்தப் பகுதியை ஒரு வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள். "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை, அதாவது வேதம் போதித்தவர்களைப் பற்றி இயேசு எச்சரித்து வாய் மூடவில்லை, அந்த விதவை வந்து நிற்கிறாள். அடுத்த அதிகாரத் தொடக்கத்தில், இந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். அதாவது அவள் கடைசிக் காசைப் போட்ட அந்தக் கட்டடமே இடியப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அவளைப் புகழ்ந்தார், சரி. "நீங்களும் போய் விதவைகளிடம் இப்படி வாங்குங்கள்" என்று யாரிடமும் சொல்லவில்லை. காணிக்கை எடுக்கிற ஞாயிற்றுக்கிழமையில் இதை முழுதாக வாசித்துப் பிரசங்கித்தால் கேட்க நன்றாயிருக்கும்.

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?

கவர்ன்மென்ட் வேலையில் இருப்பவர்கள் தவறாமல் கேட்பது. புதிய ஏற்பாட்டில் சபைக்கு விழுக்காடு எதுவும் விதிக்கவில்லை. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" (2 கொரிந்தியர் 9:7), அவ்வளவுதான். பழக்கத்துக்காகப் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லதுதான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் 12,000 சம்பளக்காரருக்கு 1,200 என்பது அரை மாத மளிகை. ஒன்றரை லட்சம் வாங்குகிறவருக்கு 15,000 போனாலும் அந்த மாதச் சாப்பாட்டில் ஒரு குழம்பு குறையாது. இரண்டும் ஒரே பத்து சதவீதம்தான் என்று சொன்னால் அது கணக்குப் பாடம். உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்கிற லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் அவரவர் ஊர் வாசலிலேயே வைக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. தசமபாகத்தைக் கேட்கிற மல்கியா 3-ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இதை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

கைப்பிடி அரிசி என்பது என்ன? இன்னும் நடக்கிறதா?

சோற்றுக்கு அரிசி அளந்தபின், உலையில் போடுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போடுவது. அளந்தபின் என்பதைக் கவனியுங்கள். மூட்டையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி எடுத்தால் யாருக்கும் குறையாது. சோற்றுக்கு அளந்ததிலிருந்து எடுத்தால் அன்றைக்குப் பானையில் ஒரு கரண்டி குறையும், அது பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிடுகிற அம்மாவின் தட்டில்தான் குறையும். வீட்டில் பணம் ஆண்கள் கையில் இருந்த காலத்தில் பெண்கள் யாரிடமும் கேட்காமல் தங்கள் கையாலேயே கொடுக்க முடிந்த ஒரே காணிக்கை அதுவாக இருந்திருக்கிறது.

மாதக் கடைசியில் கொண்டுவந்து கோவில் சாக்கில் கொட்டுவார்கள். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, சம்பா எல்லாம் ஒரே சாக்கில். இந்தக் கலப்பு அரிசியைச் சோறாக்கவே முடியாது, ஒன்று குழைந்திருக்கும்போது இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். மாவு அரைக்கத்தான் ஆகும் என்று ஏலத்தில் எடுக்கிற அக்கா விலையை அடித்துப் பேசுவார். நான் நோட்டில் "கைப்பிடி அரிசி, 31 கிலோ" என்று எழுதும்போதெல்லாம் அது எத்தனை நாள், எத்தனை பானை என்று ஒரு கணம் யோசிப்பேன். எங்களிடம் இப்போது குறைந்துவிட்டது, டின்னுக்குப் பதில் கவர் வந்துவிட்டது.

மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபையார் இதை 1910-இல் தொடங்கி இன்றுவரை விடவில்லை. அதற்கு மிசோ மொழியில் பூஃபாய் தாம் என்று பெயர்.

கையில் ஒன்றுமில்லாத சபைகள் இப்படிச் சிறுகச் சேர்த்தே சுயமாய் நிற்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு நம் பக்கமும் ஒரு பதில் உண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தைக் கேட்காமல், திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையை வைத்தே நிஜாம் ராஜ்யத்து டோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் பனையேறிக் குடும்பங்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வே. ச. அசரியாதான் பிறகு 1912-இல் டோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும்போது ஒரு தேங்காய் 5,000 ரூபாய்க்குப் போகிறதே, அது காணிக்கையா கௌரவமா?

இரண்டும் கலந்தது, பொய் சொல்ல மாட்டேன். அசனத்துக்கு (ஊர்ப் பொதுவிருந்துக்கு) அடுப்பு மூட்டியிருக்கும், மைக்கில் ஒருவர் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று இழுப்பார், மும்பையிலிருந்து வந்த அண்ணன் தூத்துக்குடியிலிருந்து வந்த மச்சானைப் பார்த்துக்கொண்டே விலையை ஏற்றுவார். அதில் பக்தி எத்தனை பங்கு, வீராப்பு எத்தனை பங்கு என்று பிரிக்க எந்தத் தராசும் கிடையாது. ஆனால் எனக்கு அந்த நாளில் ரொம்பப் பிடித்தது ஏலத்துக்கு முன்னால் நடப்பதுதான். பெரிய பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டின சேவல் எல்லாம் பீடத்துக்கு முன் குவிந்திருக்கும் இடத்தில் ஒரு ஆச்சி முந்தானையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, எங்கே வைத்தால் உடையாது என்று இடம் தேடிக்கொண்டிருப்பார். வருஷா வருஷம் யாராவது ஒரு ஆச்சி அப்படி வருவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு: ஏலம் எடுத்துவிட்டு ஆறு மாதமாகியும் பணம் கட்டாதவர் பெயரை மைக்கில் வாசிக்கக் கூடாது. கமிட்டியில் சண்டையே போட்டிருக்கிறேன்.

நன்கொடைக்குப் பெயர் போட்டுக்கொள்ளலாமா?

டியூப்லைட்டில் "உபயம்" எழுதி வெளிச்சத்தையே மறைத்த கோவில்களை எல்லா மதத்திலும் பார்த்தாயிற்று. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கக்கடவது என்று மத்தேயு 6 தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சரித்திரம் அவ்வளவு தெளிவாக இல்லை. களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரின் பெயரே ஆலயம் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர்தான்.

அதோடு பாளையங்கோட்டையில் 1785-இல் பிரதிஷ்டையான ஆலயத்தை வைத்துப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த குளோரிந்தா என்ற பிராமண விதவை முன்னின்று கட்டியது. அவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்ததால் மிஷனரி சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்து, அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல்தான் கொடுத்தார். சொந்த ஜாதியும் தள்ளிவைத்து, சபையும் வாசலில் நிற்கவைத்த ஒரு பெண் கட்டிய கோவில் அது. ஜனங்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். கல்லில் வெட்டிக்கொள்கிற பெயர் ஒன்று, ஊர் வாயில் தானாக ஏறுகிற பெயர் வேறொன்று.

இவ்வளவு செலவில் கோபுரம் கட்டுவதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?

பெத்தானியாவில் ஒரு பெண் நளதம் என்ற விலையுயர்ந்த வாசனைத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. அந்தத் தைலம் 300 பணத்துக்கு (தெனாரியத்துக்கு) மேல் போகும், கிட்டத்தட்ட ஒரு கூலியாளின் ஒரு வருஷச் சம்பளம். "தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்" என்று இயேசு அவள் பக்கம் நின்றார். கட்டடக் கமிட்டிகளுக்கு இந்த வசனம் ரொம்பப் பிடிக்கும். அதே வார்த்தை உபாகமம் 15:11-இல் வருகிறது, அங்கே அடுத்த வரியே "ஆகையால் எளியவனுக்கு உன் கையைத் திற" என்பதுதான். அப்புறம் இன்னொன்று, அவள் ஊற்றியது அவளுடைய தைலம். ஊரில் வசூல் பண்ணி வாங்கியதல்ல.

அப்பாவுக்கு ஆபரேஷன், ஆனால் கோவிலுக்கு ஒரு தொகை பொருத்தனை (நேர்த்தி) பண்ணியிருக்கிறேன். எதை முதலில் செய்வது?

ஆபரேஷனை. மாற்கு 7-இல் இயேசு கொர்பான் என்ற வழக்கத்தைக் கடுமையாகத் திட்டுகிறார்: பெற்றோருக்குப் போக வேண்டியதைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி, அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதைவிட நேரான பதில் வேறு எங்கும் கிடைக்காது.

எங்கள் சபையில் ஒருவர் 25,000 ரூபாய் பொருத்தனையைப் பண்டிகை நாளில் பெருமையாகச் செலுத்தினார். மறுநாள் அவர் வீட்டுக்கார அக்கா வெஸ்டரி வாசலில் வந்து நின்றார், குறை ஒன்றும் சொல்லவில்லை, கழுத்தில் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. "ரசீது என் பேர்ல போட முடியுமா தம்பி" என்று மட்டும் கேட்டார். ஐயரிடம் (எங்கள் பக்கம் சேகரகுருவை, அதாவது போதகரை, அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னேன். அவர் போய்ப் பேசி, பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணாச்சிக்குக் கோபம், ஒரு வருஷம் கோவிலுக்கே வரவில்லை. சங்கிலியை மீட்டுவிட்டார்கள்.

வேலைக்காரர் கூலியைப் பாக்கி வைத்துவிட்டுக் காணிக்கை கொடுப்பதும் இதே கணக்குதான். யாக்கோபு 5:4 வாசியுங்கள், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது.

கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பி வருமா?

மாற்கு 10:30-இல் நூறத்தனை என்று இருக்கிறது, "துன்பங்களோடேகூட" என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. டிவியில் முதல் பாதியைத்தான் சொல்வார்கள். திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் அதற்குச் சீட்டுப் பிடிப்பது என்று பெயர், சீட்டிலாவது தேதி சொல்வார்கள்.

காணிக்கைப் பணம் கோர்ட் கேஸுக்கும் சபைத் தேர்தலுக்கும் போகிறது. தெரிந்தும் கொடுக்க வேண்டுமா?

மிக நியாயமான கோபம், எனக்கும் உண்டு. பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). அப்போஸ்தலனுக்கே அவ்வளவு ஜாக்கிரதை தேவைப்பட்டது என்றால் கமிட்டிக்கு எவ்வளவு வேண்டும்? வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேளுங்கள். நான் பொருளாளராக இருந்தபோது ஆறு கூட்டத்திலும் சேர்த்துக் கணக்குக் கேட்டது மூன்றே பேர், அதில் ஒருவர் மைக் செட் வாடகையைத்தான் கேட்டார். கேட்டும் பதில் வரவில்லை என்றால், அடுத்த தெரு விதவையின் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டுங்கள். அது காணிக்கை ஆகாது என்று யாராவது சொன்னால், எளியவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்கிற மத்தேயு 25-ஐக் காட்டுங்கள்.

க்யூஆர் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தால் அது ஆராதனையா?

தாராளமாக. ஆனால் பை வரும்போது பிள்ளைகள் கையில் ஒரு காசைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள், போனில் நீங்கள் கொடுப்பது அதுகளுக்குத் தெரியாது. பிறகு, "ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிற பெட்டியை ஆலய வாசலில் வைக்க வேண்டாம். இடது கை என்ன, அடுத்த தெருவுக்கே கேட்கும்.

வரிவிலக்கு உண்டா?

பொதுவாக இல்லை. ஒரு குறிப்பிட்ட மதப் பிரிவின் நன்மைக்காக இருக்கும் அமைப்புக்கு, நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தருகிற அங்கீகாரம் (80ஜி என்று சொல்வார்கள்) கிடைக்காது. அரசு அறிவித்த சில பழைமையான வழிபாட்டுத் தலங்களின் புதுப்பிப்புக்கோ பழுதுபார்ப்புக்கோ கொடுத்தால் உண்டு. தர்ம காரியத்துக்கான தனி டிரஸ்ட் 80ஜி வாங்கியிருந்தால் அதற்குக் கொடுத்ததைக் காட்டலாம், ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் செல்லாது. புதிய வரி முறையில் இந்தக் கழிவே கிடையாது.

கொடுக்க ஒன்றுமே இல்லாதபோது?

கொடுக்க வேண்டாம். பை வரும்போது கை நீட்டி வாங்கி அடுத்தவரிடம் கொடுங்கள், யாரும் பார்க்கவில்லை. லேவியராகமத்தில் ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர் இரண்டு புறாக்கள் கொண்டுவரலாம். குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது யோசேப்பும் மரியாளும் கொடுத்தது அந்தப் புறாதான். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்கிறார் பவுல்.

அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. அந்த நிலையில் காணிக்கை கொடுக்கலாமா?

மத்தேயு 5:23-24 படி, காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். இதை யாரும் அப்படியே செய்து நான் பார்த்ததில்லை, ஒருவரைத் தவிர. வரப்பு ஓரத்துப் பனைக்காகத் தம்பியோடு நாலு வருஷமாகச் சண்டை அவருக்கு. ஒரு ஞாயிறு, வேதபாடம் வாசித்து முடித்த கையோடு எழுந்து பின்வரிசைக்கு வந்து, கவரை என் கையில் திணித்து, "தம்பி, இத வச்சிரு, வாரேன்" என்று வெளியே போனார். ஆராதனை முடிந்தது, அவர் வரவில்லை. கவரை டிராயரில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் கழித்து வந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், என் முன்னாலேயே பிரித்து, 500 ரூபாயை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லைக் கல் நட்டவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்றார்.